நம் நியாயம் வேறு, வேலையின் நெறி வேறு: களத்தில் இருக்கும் சமூகப் பணியாளருக்கு

"கணவரை மதிக்காத சுபாவம். பிடிவாதக்காரி. புத்தி சொல்லி அனுப்பப்பட்டது."

ஒரு கேஸ் ஃபைலில் இப்படி மூன்று வரி இருந்தால் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. எழுதியவரைப் பற்றித்தான் நிறையத் தெரிகிறது. அடி வாங்கினாளா, எத்தனை முறை, வீட்டில் அடுப்பு எரிந்ததா, அவள் என்ன கேட்டு வந்தாள், எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து இதே ஃபைல் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் விரல் வைத்துப் படிக்கப்போவது இந்த மூன்று வரியைத்தான்.

சொந்த நம்பிக்கைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ என்று எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) வகுப்பில் சொல்லித் தருவார்கள். அவை செருப்பு இல்லை, கழற்றி வைக்க. வீட்டிலும் தெருவிலும் கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் சின்ன வயதிலேயே ஊறிப்போனவை. செய்ய முடிந்தது ஒன்றுதான்: அவை எந்த இடத்தில் எட்டிப் பார்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் வாயையும் பேனாவையும் கொஞ்சம் அடக்குவது. அதற்கான வழிகள்தான் கீழே.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். ஆபீஸில் வைக்காதீர்கள், வீட்டில் இருக்கட்டும். பக்கத்துக்கு ஒரு தலைப்பு எழுதுங்கள். குடிக்கிற அப்பா. குடிக்கிற அம்மா (இரண்டும் தனித்தனிப் பக்கம், ஏன் என்பது எழுதும்போதே புரியும்). சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானவர். கருக்கலைப்பு. திருநங்கை, திருநம்பி, தன்பாலின ஈர்ப்பாளர். பாலியல் தொழில். பிள்ளையை அடித்து வளர்க்கிறவர். பெற்றவரை முதியோர் இல்லத்தில் விட்டவர். மதம் மாறியவர். புருஷனை விட்டுவிட்டு வந்தவர், பிள்ளையையும் விட்டுவிட்டு வந்தவர்.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுத வேண்டியவை: இதைப் பற்றி நெஞ்சறிய நான் என்ன நினைக்கிறேன், அதை யாரிடம் கற்றேன், இப்படி ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் என் வாயில் வரக்கூடிய முதல் கேள்வி என்ன, அந்தக் கேள்விக்கான பதில் யாருக்குத் தேவை. இதில் கடைசி இரண்டும்தான் உயிர். கருக்கலைப்பு கேட்டு வந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் "பையன் யாரு?" என்பது முதல் கேள்வியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டருக்குத் தேவை கடைசி மாதவிடாய் தேதி. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்குச் சட்டப்படி அவர் சம்மதம் மட்டுமே போதும். கணவர் கையெழுத்தே வேண்டாம் என்னும்போது பையன் பெயர் எதற்கு? அது நம் ஊர்வம்புக்கு மட்டும் தேவை. வற்புறுத்தல் நடந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதைக் கேட்கிற விதம் வேறு: "இது உங்க விருப்பத்தோட நடந்ததா, இல்ல யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

எழுதி முடித்த பிறகு, எந்தப் பக்கத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறதோ அதில் சிவப்புப் பேனாவால் குறி போடுங்கள். இரண்டு மூன்று பக்கம் தேறும். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் நீங்கள் நோட்டிலும் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

சிவப்புக் குறி விழுந்த விஷயத்தில் செய்ய வேண்டியது படிப்பு, ஒதுங்குவது அல்ல. இதற்கு நம் ஊரிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. மதுரையிலிருந்து பாதுகாப்பு தேடிச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தன்பாலின உறவு பற்றித் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்பதை அவர் நீதிமன்ற உத்தரவிலேயே ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் நேரம் கேட்டுப் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகே ஜூன் 7 அன்று விரிவான உத்தரவைப் பிறப்பித்தார். பாலீர்ப்பை "குணப்படுத்துகிறேன்" என்று சிகிச்சை தருவதற்குத் தடை வந்தது அதில்தான். தெரியாது என்று ஒப்புக்கொள்ள உயர் நீதிமன்ற நீதிபதிக்கே வெட்கமில்லை என்றால் நமக்கு என்ன?

படித்தும் முடியவில்லை என்றால் கேஸை மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு. கேஸ் கையில் வந்த உடனே செய்ய வேண்டும்; மூன்று முறை கதை கேட்டுவிட்டு நான்காவது முறை "வேற மேடம் பார்ப்பாங்க" என்றால் அது கைவிடுவது. வாங்கிக்கொள்கிறவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் உறுதியான பிறகுதான் உங்கள் கை விடுபட வேண்டும். காரணத்தை சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். வந்தவரிடம் "உங்க விஷயம் எனக்கு ஒத்து வராது" என்று சொல்லாதீர்கள், அது அவருக்கு இன்னொரு அடி. பாதி மாவட்டத்துக்கு நீங்கள் ஒருவர்தான் என்றால் மாற்றிக்கொடுப்பது என்ற பேச்சே இல்லை. வாரம் ஒரு முறை சூப்பர்வைசரோடு அந்தக் கேஸைப் பேசிப் பேசியே நடத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஒரே வகை ஆட்களை வருடம் முழுக்க மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பரிந்துரை இல்லை, பாகுபாடு.

நம்மைக் கட்டுப்படுத்துவது எது

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. தவறு செய்தால் உரிமத்தைப் பறிக்க, சமூகப்பணி முழுவதற்கும் அப்படி ஓர் அமைப்பு இந்தியாவில் இல்லை. 2021இன் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கிராம வளர்ச்சியிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் இருப்பவர்களை அது தொடவில்லை. 1997இல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் கல்வியாளர் மன்றம் இந்தியச் சூழலுக்கென ஒரு நெறி அறிக்கை தந்தது. பன்னாட்டுச் சமூகப் பணியாளர் கூட்டமைப்பின் கோட்பாடுகள் 2018இல் புதுப்பிக்கப்பட்டன. மதிப்பானவைதான், ஆனால் இவற்றை மீறினால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. நடைமுறையில் நம் கையைக் கட்டுவது சட்டங்களும், நிறுவனத்தின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையும், பணி நியமன ஆணையும்தான். இவை மூன்றின் நகலும் பையில் இருக்கட்டும். அரைமணி நேரம் செலவழித்து அடிக்கோடு போட்டு வைத்தால் பின்னால் பல இரவு தூங்கலாம்.

முதல் சந்திப்பில் தரக்கூடாத வாக்குறுதி

"நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகாது." கவுன்சலிங்கில் மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் பொய் இது. நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு சமூகப் பணியாளரிடம் சொல்வதற்கு இல்லை. நீதிமன்றம் அழைத்தால் ஃபைலோடு போய் நிற்க வேண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் சொல்லியே ஆக வேண்டும். எனவே கதை தொடங்குவதற்கு முன்பே, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்ததும், இப்படிச் சொல்லுங்கள்:

"அக்கா, நீங்க சொல்றதை உங்க வீட்டுக்காரர்கிட்டயோ ஊர்லயோ நான் சொல்ல மாட்டேன். எங்க ஆபீஸ்ல எனக்கு மேல இருக்கிற ஒருத்தர் மட்டும் ஃபைலைப் பார்ப்பாங்க. மூணு விஷயத்துல மட்டும் நான் வெளிய சொல்ல வேண்டி வரும். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு யாராவது தப்பு பண்ணியிருந்தா. உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குப் பட்டா. கோர்ட்டுல கேட்டா. அப்பக்கூட முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். இதைக் கேட்டுட்டு எவ்வளவு சொல்லலாம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற பயம் புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் இருக்கிறது. திறப்பார்கள். பாதியில் விதியைச் சொன்னால்தான் மூடிக்கொள்வார்கள்.

கூட வந்த மாமியாரை வெளியே உட்காரவைப்பது தனிக் கலை. "வெளிய போங்க" என்றால் சண்டை. "அம்மா, ஒரு ஃபாரம் இருக்கு, அதுல தனியாத்தான் கேக்கணும்னு எழுதியிருக்கு. முடிச்சுட்டு உங்ககிட்டயும் தனியாப் பேசணும்" என்றால் எழுந்து போய்விடுவார். அந்த இரண்டாவது வாக்கியத்தை மறக்காமல் நிறைவேற்றுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த முறை மருமகளையே அனுப்ப மாட்டார். அப்படி ஒரு ஃபாரம் உண்மையில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். முதல் சந்திப்புப் படிவத்தின் தலையில் "தனியாகக் கேட்கப்பட வேண்டியது" என்று அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயது, நான்கு மாதம்

அரசு மருத்துவமனை மகப்பேறு வார்டில் இருக்கும் சமூகப் பணியாளருக்கு இது தெரிந்த காட்சி. வயிற்றுவலி என்று அழைத்து வந்திருப்பார்கள். ஸ்கேனில் பதினாறு வாரம். பெண்ணுக்குப் பதினேழு வயது. பையனுக்கு இருபது. "விரும்பித்தான் பழகினோம்" என்கிறாள். அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்: "உங்க தங்கச்சியா நினைச்சுக்கோங்க மேடம். போலீசுக்கு மட்டும் போக வேண்டாம். கலைச்சுட்டு அடுத்த மாசமே கல்யாணத்தை முடிச்சிடுறோம்."

இந்த இடத்தில் நமக்குள் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "பாவம், காதலிச்ச பிள்ளைங்க, பையன் வாழ்க்கை போயிடும்". இன்னொன்று, "இந்த வயசுல என்ன ஆட்டம், நாலு பேருக்குப் பாடமா இருக்கட்டும்". இரண்டும் உங்கள் சொந்தக் குரல்தான்; முதலாவது இனிமையாக இருப்பதால் அது நெறி ஆகிவிடாது. போக்சோ சட்டம் (2012) பதினெட்டுக்குக் கீழே சம்மதத்தை ஏற்பதில்லை. குற்றம் நடந்தது தெரிந்தால் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. தெரிந்தும் மறைத்தால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கு வராது என்ற பாதுகாப்பும் பிரிவு 19இலேயே இருக்கிறது. இந்தச் சட்டம் இளவயதுக் காதலர்களை வாட்டுகிறது என்ற விமர்சனம் நியாயமானதே. அதை மாநாட்டில் பேசலாம், எம்.எல்.ஏ.விடம் மனு தரலாம். வார்டில் நின்றுகொண்டு சட்டத்தைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை.

தெரிவிக்க வேண்டும் என்பது முடிந்துபோன விஷயம். நம் நெறி வெளிப்படுவது எப்படித் தெரிவிக்கிறோம் என்பதில்தான். பெரும்பாலான தவறுகளும் அங்கேதான்.

முதலில் சிகிச்சை. ரத்தப்போக்கோ வலியோ இருந்தால் எஃப்.ஐ.ஆர் வரட்டும் என்று காக்கவைக்கக்கூடாது. அவசர சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்தச் சட்ட ஆவணத்தையும் கேட்கக்கூடாது என்று 2020 போக்சோ விதிகளில் இருக்கிறது. டியூட்டி டாக்டர் தயங்கினால் அந்த விதியின் நகலை அமைதியாக நீட்டுங்கள்.

இரண்டாவது, அந்தப் பெண்ணிடம் சொல்வது. அம்மாவிடம் அல்ல, முதலில் அவளிடம். "பாப்பா, இதை நான் போலீஸ்ல சொல்லியே ஆகணும். சொல்லாம விட எனக்கு அனுமதி இல்ல. நீ தப்பு பண்ணிட்டேன்னு சொல்லல. ஒரு லேடி எஸ்.ஐ. வருவாங்க, யூனிஃபார்ம்ல வர மாட்டாங்க. எங்க வச்சுப் பேசணும்னு நீ சொல்லலாம். ராத்திரி ஸ்டேஷன்ல உன்னை வச்சிருக்க முடியாது." இவை பிரிவு 24 அவளுக்குத் தரும் உரிமைகள். இவற்றைத் தெரிந்துகொண்டு போலீசைப் பார்க்கிற பெண்ணுக்கும், திடீரென்று காக்கி உடை வந்து நின்றதும் பார்க்கிற பெண்ணுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காக்கியிலேயே வந்துவிடுகிற ஊர்களும் உண்டு. ஆகவே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் செய்யும்போதே "சாதா டிரஸ்ல வாங்க மேடம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தகவலை அன்றைக்கே எழுத்தில் தந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். காவல்துறை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டார்களா என்று மறுநாள் குழுவுக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள்.

கருவைப் பற்றிய முடிவு தனி. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு இருபது வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் சிறுமியர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் உள்ளிட்ட சில வகையினருக்கு. பதினாறு வாரத்தில் அவகாசம் இருப்பதுபோல் தெரியும். வழக்கு, விசாரணை, "நாளைக்கு வாங்க" என்று நாலு வாரம் ஓடிவிடும். எனவே வார எண்ணிக்கையைத் தேதியோடு ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: "இன்று 16 வாரம், 20 வாரம் முடியும் தேதி இது." பதினெட்டுக்குக் கீழே என்பதால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் தேவை. ஆனால் அம்மா கையெழுத்துப் போட்டதாலேயே பெண்ணுக்கும் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளைத் தனியாகக் கேட்டு, அவள் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். போலீஸ் பயத்தால் குடும்பமே ஆஸ்பத்திரிக்கு வராமல் ஏதோ ஒரு பாட்டியிடம் போய்விடும் ஆபத்தை உச்ச நீதிமன்றம் கவனித்திருக்கிறது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் இருக்கிறது. இது பல வார்டுகளுக்கு இன்னும் போய்ச்சேரவில்லை. டாக்டரிடம் எடுத்துச் சொல்வது உங்கள் வேலை.

கருக்கலைப்பு உங்கள் நம்பிக்கைக்குப் பாவம் என்றால் சோதனை இங்கேதான். "குழந்தை வரம் கேட்டு எத்தனை பேர் அழுவுறாங்க தெரியுமா" என்ற ஒரு வாக்கியம் போதும், அவளை உடைக்க. நேர் எதிராக, "இந்த வயசுல எதுக்கும்மா இது, முடிச்சிட்டுப் படிக்கிற வேலையைப் பாரு" என்பதும் அதே அத்துமீறல்தான். அவள் பெற்றுக்கொள்ள விரும்பினால் பிரசவத்துக்குப் பிறகான வழியையும் சொல்லுங்கள். வளர்க்க முடியாவிட்டால் குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைப்புப் பத்திரம் எழுதலாம். மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. உங்களுக்குத் தெரிந்த பிள்ளையில்லாத தம்பதி ஒன்று கண்டிப்பாக நினைவுக்கு வரும். அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிடுங்கள். நேரடியாகக் கை மாற்றிவிடுவது தத்து ஆகாது. இடையில் பணம் புரண்டிருந்தால், சிறார் நீதிச் சட்டம் பிரிவு 81இன்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

"அடுத்த மாசம் கல்யாணம்" என்பதற்குப் பதில் ஒன்றுதான்: பெண்ணுக்குப் பதினெட்டு, பையனுக்கு இருபத்தொன்று நிறையாமல் முடியாது, மாவட்ட சமூகநல அலுவலரிடம் தெரிவிக்க வேண்டி வரும். இதை மிரட்டலாக அல்ல, தகவலாகச் சொல்லுங்கள்.

இனி, வழக்கமாகச் சறுக்கும் இரண்டு இடங்கள். ஒன்று வயது. "19னு போட்டுக்கோங்க மேடம், ஆதார் திருத்திக் கொண்டாரோம்" என்பார்கள்; சில நேரம் வார்டிலேயே அப்படி எழுதிவிட்டு உங்களை ஒப்பமிடச் சொல்வார்கள். ஒப்பமிடாதீர்கள். "வயது குறித்துப் பள்ளிச் சான்று பார்க்கப்படவில்லை, சிறுமி கூறிய வயது 17" என்று உங்கள் குறிப்பில் எழுதித் தேதியிடுங்கள். மற்றொன்று சாதி. பையன் வேறு சாதி என்றால், வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் அவளை வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்கக்கூடாது. மிரட்டல் இருந்தால் அதை அவள் வார்த்தையிலேயே குழுவுக்கு எழுத்தில் தாருங்கள். பையன் தாழ்த்தப்பட்ட சாதி என்பதால்தான் குடும்பம் வழக்குக்குத் துடிக்கிறது என்று உங்களுக்கே தெரிகிற கேஸும் வரும். தெரிவிக்கும் கடமை அப்போதும் மாறாது. ஆனால் பெண் சொன்னது ஒன்று, பெற்றவர் சொன்னது ஒன்று என்றால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கலந்து ஒரே கதையாக்கினால் நீங்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டீர்கள் என்று பொருள்.

பெரியவர் எடுக்கும் தப்பான முடிவு

கடமையும் கடமையும் மோதும்போது எதை முதலில் வைப்பது என்பதற்கு வகுப்பில் ஏழு படி சொல்லித்தருகிறார்கள்: உயிர்ப் பாதுகாப்பு, சமத்துவம், தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை, குறைந்த தீங்கு, வாழ்க்கைத் தரம், அந்தரங்கம், உண்மை. மேலே இருப்பது கீழே இருப்பதை வெல்லும். மனப்பாடம் செய்ய எளிது. மூன்றாவது படியில்தான் நாம் எல்லோரும் வழுக்குகிறோம்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவரிடமே திரும்பப் போகிறேன் என்கிறார் முப்பத்தைந்து வயதுப் பெண். பதினெட்டு வயது தாண்டியவர், தெளிவாகப் பேசுகிறார். தடுக்க வேண்டும் என்று உங்கள் ரத்தம் கொதிக்கும். உங்கள் பக்கத்து மேசைக்காரருக்கோ "பிள்ளைங்களுக்காகப் பொறுத்துப் போங்க" என்று வரும். இரண்டும் வேண்டாம். உடனடி உயிர் ஆபத்து இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள்: கழுத்தை நெரித்தாரா, அரிவாள், மண்ணெண்ணெய் எடுத்தாரா, கொன்னுடுவேன் என்றாரா, சமீபத்தில் அதிகமாகியிருக்கிறதா. கழுத்தை நெரித்தது என்ற பதில் வந்தால் அதைச் சாதாரண அடியோடு சேர்க்காதீர்கள். மூச்சும் குரலும் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள், போவதைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்படியும் போகிறார் என்றால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல் ஒரு செட் நம்பிக்கையான பக்கத்து வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருக்கட்டும். ஓர் இரவுக்கான துணியும் ஐந்நூறு ரூபாயும் ஒரு கட்டைப்பையில் எடுத்த எடுப்பில் கிடைக்கிற இடத்தில். பெண்கள் உதவி எண் 181ஐ வேறு பெயரில் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். "டெய்லர் அக்கா" என்றிருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வீட்டை விட்டு வெளியேறாமலேயே பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்பதைச் சொல்லிவையுங்கள், அவர் சம்மதமில்லாமல் நீங்களாக மனு எழுதிவிடாதீர்கள். கடைசியாக ஒன்று: "போனா திரும்ப வராதீங்க" என்ற தொனி முகத்தில்கூடத் தெரியக்கூடாது. மறுபடி அடி விழும்போது அவர் வரப்போவது உங்களிடம்தான்.

எழுதுகிற விதம்

குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். முடியாவிட்டால் மறுநாள் காலை, வேறு கேஸ் பார்ப்பதற்கு முன். பார்த்தது, கேட்டது, நினைப்பது மூன்றையும் வேறுவேறு பத்தியாக வையுங்கள். தொடக்கத்தில் பார்த்த மூன்று வரியையே எடுத்துக்கொள்வோம்.

"பிடிவாதக்காரி" என்று எழுதவைத்தது என்ன? மூன்று முறை சமரசம் பேசியும் அவர் சம்மதிக்கவில்லை. அதையே எழுதலாமே: "12, 19, 26 தேதிகளில் பேசப்பட்டது. மூன்று முறையும் 'அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேன்' என்றார். காரணம் கேட்டபோது இடது முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டினார்." இப்போது இது சாட்சியம். "கணவரை மதிக்காத சுபாவம்" என்பது கணவர் சொன்னதாக இருந்தால் "கணவர் கூற்று" என்று தொடங்க வேண்டும். உங்கள் கருத்தாக இருந்தால் எழுதவே வேண்டாம். "புத்தி சொல்லி அனுப்பப்பட்டது" என்பதற்குப் பதிலாக என்ன தகவல் தந்தீர்கள், அவர் எதைத் தேர்ந்தெடுத்தார், அடுத்த சந்திப்பு எப்போது என்று வர வேண்டும்.

ஒழுக்கக்கேடு, நடத்தை சரியில்லை, நல்ல குடும்பம், ஒத்துழைக்க மறுக்கிறார், கூடா நட்பு: இந்தச் சொற்கள் பேனாவில் வரும்போதே நிறுத்தி, "இதை நான் கண்ணால் பார்த்தேனா?" என்று கேளுங்கள். மனநலப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. ஊர் வழக்கத்துக்கோ ஒழுக்க விதிக்கோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக்கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். வீட்டில் சொல்பேச்சு கேட்காமல் காதலித்த மகளை "புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று அழைத்து வரும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் போடாதீர்கள். ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. எச்.ஐ.வி. நிலையை ஃபைல் அட்டையில் குறியீடாகக்கூடப் போடாதீர்கள். அந்தச் சிவப்புப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று துப்புரவுப் பணியாளர் முதல் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸாப் குரூப்பில் கேஸ் பற்றிப் பேச வேண்டியிருந்தால் பெயர், ஊர், போட்டோ எதுவும் வேண்டாம், கேஸ் எண் மட்டும். சின்ன ஊரில் "அந்த மேலத்தெரு டெய்லர் பொண்ணு" என்றாலே பெயர் சொன்ன மாதிரிதான்.

காபி, கடலை, "நீங்க என்ன ஆளுங்க?"

பயனாளியிடம் எதையும் வாங்காதே என்பது வெளிநாட்டுப் புத்தகங்களில் நேரான விதி. நம் ஊரில் அதை அப்படியே பிடித்துக்கொண்டால் விபரீதம். தலித் குடியிருப்பில் ஒரு வீட்டில் தந்த தண்ணீரை "பரவாயில்லீங்க" என்று மறுத்தால், அது தொழில் எல்லையாகப் படாது, தீண்டாமையாகப் படும். அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே உங்கள் வேலை முடிந்தது. உட்கார்ந்து குடிக்கிற காபி, தண்ணீர், சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிடி சோறு எல்லாம் வாங்கலாம், எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி வாங்க வேண்டும். மேலத்தெருவில் காபி குடித்துவிட்டுக் காலனியில் பாட்டில் தண்ணீரை எடுத்தால் ஊரே கவனிக்கும். மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போகிற எதுவும் கூடாது. அறுவடை முடிந்து ஒரு படி கடலை கொண்டுவந்து வைத்தால், ஆபீஸில் எல்லோர் முன்னும் அவித்துப் பங்கு போட்டு, வந்தது என்று பதிவேட்டில் எழுதிவிடுங்கள். பணம், சேலை, தங்கம் என்றால் பேச்சே இல்லை. கடன் கொடுப்பதும் வாங்குவதும் அப்படியே. ஐம்பது ரூபாய் பஸ் காசு கொடுக்க நேர்ந்தால் அலுவலகச் செலவாக எழுதுங்கள்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி மூன்றாவது சந்திப்புக்குள் வந்துவிடும். சாதியைச் சொன்னால் ஒரு கணக்குப் போடுவார்கள், மறைத்தால் வேறு கணக்கு. "அதை நான் எந்த வீட்டுலயும் சொல்றதில்லம்மா, கேக்கிறதும் இல்ல. சலுகைக்கு சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் உங்ககிட்ட கேப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். ஒரே சாதி என்று தெரிந்து "நம்ம பிள்ளை" என்று அணைத்துக்கொண்டால்தான் கூடுதல் கவனம் தேவை. அந்த வீட்டுக்கு மட்டும் அடிக்கடி போகிறீர்களா என்று விசிட் பதிவேட்டை மாதம் ஒரு முறை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வயதில் மூத்தவரை, குடிகாரராக இருந்தாலும், வாங்க போங்க என்றே பேசுங்கள். தெருவில் உறங்குபவரை "வா, போ" என்பது வாய்தவறி வந்துவிடும். அவர் உங்களிடமிருந்து விலகிப்போக முதல் நாளே அது போதும்.

மேலே இருந்து வரும் நெருக்கடி

நன்கொடையாளருக்கு அனுப்ப மீட்கப்பட்ட குழந்தையின் போட்டோ கேட்பார்கள். முகத்தை மங்கலாக்கினால் சரி என்பார்கள்; யூனிஃபார்மும் பள்ளிச் சுவரும் தெரிந்தால் அடையாளம் தெரியும். சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74இன்படி அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாய்ச்சண்டை போடாதீர்கள். "கேட்ட படம் பிரிவு 74க்குள் வருவதால் அனுப்ப இயலவில்லை, பதிலாகக் குழந்தை வரைந்த ஓவியமும், பெயரில்லாத அரைப்பக்கக் குறிப்பும் இணைத்துள்ளேன்" என்று மெயில் போடுங்கள். மறுப்போடு மாற்று ஒன்றும் சேர்ந்து போனால் மேலே இருப்பவர் முகம் சுருங்காது, உங்களிடம் எழுத்தும் இருக்கும். போகாத ஃபாலோ-அப்பைப் போனதாக எழுதச் சொன்னாலும் இதே முறை: "இந்த மாதம் 30இல் 19 வீடு, மீதிக்கு வண்டிப் படி இல்லை." பொய்யாக நிரப்பிய அந்தப் பதினோரு வீட்டில் ஒன்றில் ஏதாவது நடந்தால், அன்று அங்கே போனதாகக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

சிக்கலான கேஸில் ஃபைலின் கடைசியில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். எது எதோடு மோதியது, எந்தச் சட்டம், யாரிடம் கலந்தேன், எந்த வழிகளைப் பார்த்தேன், ஏன் இதை எடுத்தேன், எப்போது மறுபடி பார்ப்பேன். முடிவு பின்னால் தவறாகிப் போகலாம். யோசித்துத்தான் எடுத்தீர்கள் என்பதற்கு அந்த அரைப்பக்கம் மட்டுமே சாட்சி.

வாய் தவறிவிட்டால்

எவ்வளவு நோட்டு எழுதினாலும் ஒரு நாள் வந்துவிடும். கேட்கக்கூடாததைக் கேட்டிருப்பீர்கள், அவர் முகம் மாறியிருக்கும், அடுத்த வாரம் வரவில்லை. காத்திருக்காதீர்கள். அவருக்குத் தொல்லை வராத நேரத்தில் போனோ நேரிலோ பேசுங்கள்: "போன வாரம் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். அது உங்க விஷயத்துக்குத் தேவையில்லாதது, நான் கேட்டிருக்கக்கூடாது. மன்னிச்சிடுங்க. என்கிட்டயே பேச விருப்பம்னா செவ்வாய்க்கிழமை இருப்பேன். வேற ஆள்கிட்ட பேசணும்னா நானே ஏற்பாடு பண்றேன்." அதோடு நிறுத்துங்கள். ஏன் கேட்டீர்கள், அன்று உங்களுக்கு என்ன தலைவலி என்றெல்லாம் நீட்டினால், உங்களைச் சமாதானப்படுத்துகிற வேலை அவர் தலையில் விழும். பேசிய தேதியையும் அவர் சொன்ன பதிலையும் ஃபைலில் எழுதுங்கள். அன்றிரவே நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பி, குறி இல்லாமல் இருந்தால் சிவப்புப் பேனாவை எடுங்கள்.